வழக்கும் சமரசமும்: தையல் யந்திரம் கற்பிக்கும் வாணிகப் பாடம்

'கோர்ட்டில் தோற்றவன் செத்தான். ஜெயித்தவன் தோற்றான்' என்று நம் ஊர்ப்புறங்களில் ஒரு பேச்சு உண்டு. ஒரு வரப்புக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, வரப்போடு வயலையும் இழந்த குடும்பங்களைக் கண்ட அனுபவம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கிறது. நிலத்துக்குப் பொருந்தும் இந்த உண்மை, மனிதனுடைய அறிவில் விளையும் புதிய கருவிக்கும் பொருந்துமா? ஒருவர் கண்டுபிடித்த பொருளை மற்றொருவர் செய்து விற்கிறார். 'அது என்னுடையது' என்று முன்னவர் வழக்குத் தொடுக்கிறார். அந்த வழக்கைக் கடைசிவரை நடத்துவது நல்லதா? நடுவில் சமரசம் செய்துகொள்வது நல்லதா? சமரசம் செய்துகொண்ட சிறிய கம்பெனியின் வாணிகம் அதனால் தழைக்குமா, தேயுமா? மாணவ நண்பர்களே, இந்த வினாக்களைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

இவற்றுக்கு வெறும் கொள்கை அளவில் விடை சொல்லிவிடலாம். ஆனால் நடந்த வரலாறு ஒன்றை எடுத்து, அதன் கணக்கையும் பார்த்து விடை காண்பது மேலானது. நான் எடுத்துக்கொள்ளும் வரலாறு தையல் யந்திரத்தினுடையது. உங்கள் தெருமுனையில் தையற்காரர் கால்மிதியை அழுத்தி ஓட்டும் அந்தக் கறுப்பு யந்திரம், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அமெரிக்க நாட்டு நீதிமன்றங்களையெல்லாம் அலைக்கழித்தது என்றால் நீங்கள் வியப்படையக்கூடும்.

முதலில் காப்புரிமை என்பது இன்னதென்று தெளிவாக்கிக்கொள்வோம். 'பேடண்ட்' என்று வழக்கில் சொல்கிறோமே, அதுதான். இது அரசாங்கத்துக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையே ஏற்படும் ஓர் ஒப்பந்தம். கண்டுபிடிப்பாளர் தம் கருவியின் இரகசியத்தை ஒளிக்காமல் எழுதி, படமும் வரைந்து ஒப்படைக்கிறார். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம்வரை அவருடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைச் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ கூடாது என்று அரசாங்கம் காவல் நிற்கிறது. காலம் முடிந்ததும் அந்த அறிவு உலகப் பொதுச் சொத்தாகிவிடுகிறது. இன்று நம் நாட்டில் அந்தக் காலம் விண்ணப்பம் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். நான் சொல்லப்போகும் காலத்தில் அமெரிக்காவில் அது 14 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் மேலும் 7 ஆண்டுகள் நீட்டிக்கவும் இடம் இருந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். காப்புரிமை பிறரைத் தடுக்கும் உரிமையே ஒழிய, தானே செய்துகொள்ளும் உரிமை அன்று. இந்த வேறுபாடு நுட்பமானது. ஓர் உவமையால் விளக்குகிறேன். வண்டிச் சக்கரத்தை ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரம் தேயாமலிருக்க இரும்புப் பட்டை மாட்டலாம் என்று இன்னொருவர் கண்டு, அதற்குத் தனிக் காப்புரிமை பெறுகிறார். பட்டைக்காரர் சக்கரம் இல்லாமல் பட்டையை எதில் மாட்டுவார்? சக்கரக்காரரும் பட்டைக்காரரின் அனுமதி இல்லாமல் பட்டை மாட்டிய நல்ல சக்கரத்தை விற்க முடியாது. இருவர் கையிலும் ஆளுக்கொரு பூட்டு இருக்கிறது. வண்டியோ கொட்டகையில் நிற்கிறது. தையல் யந்திரத்துக்கு நேர்ந்ததும் இதுவே.

எலியாஸ் ஹோ என்பவர் 1819-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பாஸ்டன் வட்டாரத்தில் நுண்கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். கையால் தைக்கும் ஊசிக்குக் காது அதன் பின்முனையில் இருக்கிறது. ஹோவின் யந்திரத்திலோ, காது கூர்முனைக்கு அருகில் இருந்தது. ஊசி துணியைத் துளைத்து, நூலைக் கண்ணி போல மறுபக்கம் கொண்டு செல்லும். அங்கே, நெசவாளர் தறியில் ஓடும் நாடாவைப் போன்ற சிறிய நாடா ஒன்று, இரண்டாவது நூலை ஏந்தி அந்தக் கண்ணிக்குள் புகுந்து வெளிவரும். ஊசி பின்வாங்கும்போது இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். 1845-ஆம் ஆண்டு பாஸ்டனில் ஐந்து தையற்பெண்களுக்கு எதிராகத் தாம் ஒருவரே யந்திரத்தில் தைத்துக் காட்டி வென்றார் ஹோ. 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

புகழ் கிடைத்தது, பிழைப்புக் கிடைக்கவில்லை. யந்திரம் செய்யப் பணம் உதவிய நண்பருக்கு உரிமையில் பாதியை முன்னரே எழுதிக் கொடுத்திருந்தார். வாங்குவார் ஒருவரும் இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் தாமஸ் என்ற உடை உற்பத்தியாளருக்கு அந்நாட்டு உரிமையை 250 பவுனுக்கு விற்று, அங்கேயே சென்று அவரிடம் வேலையும் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. மாதிரி யந்திரத்தையும் காப்புரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்துவிட்டு, 1849-ஆம் ஆண்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அப்போது அவர் மனைவி காசநோயால் மரணப் படுக்கையில் கிடந்தார். அந்தத் துயரம் ஆறுமுன் ஹோ மற்றொன்றையும் கண்டார்: தம் ஊசியும் நாடாவும் வைத்த யந்திரங்களைப் பலர் அமெரிக்காவில் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள்!

அவ்வாறு விற்றவர்களுள் ஒருவர் ஐசக் மெரிட் சிங்கர். நாடகக் குழுவில் நடிகராகத் திரிந்தவர். இயல்பாகவே கைத்திறன் வாய்ந்தவர். 1850-ஆம் ஆண்டு பாஸ்டன் பட்டறை ஒன்றில் பழுது பார்க்க வந்த தையல் யந்திரத்தைக் கண்டு, 40 டாலர் கடன் பெற்று, 11 நாளில் தம் சொந்த மாதிரியை அமைத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஹோவின் யந்திரத்தில் துணி செங்குத்தாகத் தொங்கும். சிறிது தூரம் தைத்ததும் நிறுத்தி, துணியை மறுபடி மாட்ட வேண்டும். சிங்கரின் யந்திரத்தில் துணி மேசைமேல் படுத்திருந்தது. ஊசி மேலும் கீழும் நேராக இயங்கியது. துணியை அழுத்திப் பிடிக்க ஒரு பாதம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டலாம். வளைந்த தையலும் நீண்ட தையலும் இடையறாமல் போடலாம். 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் சிங்கரும் காப்புரிமை பெற்றார். எட்வர்ட் கிளார்க் என்ற வக்கீல் அவருக்குப் பங்காளியானார். அந்தச் சிறு கம்பெனி 1853-ஆம் ஆண்டு முழுவதும் விற்றது 810 யந்திரங்களே.

இப்போது நிலைமையைப் பாருங்கள். சிங்கரின் யந்திரம் மேலானது. ஆனால் அதன் உயிர்நிலையான காதுள்ள ஊசியும் நாடாவும் ஹோவின் காப்புரிமைக்குள் அடங்கியவை. ஹோவிடம் மூல உரிமை இருந்தது. மக்கள் விரும்பி வாங்கக்கூடிய யந்திரம் இல்லை. ஹோ 25,000 டாலர் கேட்டார். சிங்கர் தரப்பு மறுத்தது. வழக்கு மூண்டது.

மறுத்தவர்களுக்கு ஒரு படைக்கலம் தேவைப்பட்டது. 'ஹோ முதற் கண்டுபிடிப்பாளரே அல்லர்' என்று மெய்ப்பித்துவிட்டால் அவர் உரிமை உடைந்துபோகும் அல்லவா? தேடியபோது நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் அகப்பட்டார். நாம் இன்று சட்டையில் குத்திக்கொள்ளும் 'சேஃப்டி பின்'னைக் கண்டுபிடித்து, அந்த உரிமையை 400 டாலருக்குக் கொடுத்துவிட்டவர் இவரே. ஹோவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, 1830-களின் தொடக்கத்தில், காதுள்ள ஊசியும் நாடாவும் வைத்த யந்திரத்தை ஹண்ட் செய்திருந்தார். ஆயினும் அவர் காப்புரிமை கோரவில்லை. ஊசி வேலையால் வயிறு வளர்க்கும் ஏழைப் பெண்களின் பிழைப்புக் கெடுமே என்று அவருடைய மகள் தயங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்பர். 1853-இல் தூண்டுதலின் பேரில் ஹண்ட் விண்ணப்பம் செய்தார். அவர் முன்னரே செய்திருந்தார் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் பல்லாண்டு கைவிடப்பட்டிருந்த உரிமையை எழுப்பிக் கொண்டுவந்து, முறைப்படி பெற்ற ஹோவின் உரிமையைப் பறிக்க 1854-இல் இடம் கொடுக்கப்படவில்லை.

படைக்கலம் மழுங்கியதும் சிங்கர் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 1854-ஆம் ஆண்டு ஹோவுக்கு 15,000 டாலர் கொடுத்து, அவரிடம் உரிமம் பெற்றுக்கொண்டது.

இந்தத் தொகை ஒரு சிறு கம்பெனிக்கு எத்தகைய சுமை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு யந்திரத்தின் விலை 100 டாலர் என்று கொண்டால், 15,000 டாலர் என்பது 150 யந்திரங்களின் முழு விற்பனைப் பணம். அந்த ஆண்டு அக்கம்பெனி விற்றது 879 யந்திரங்கள். அதாவது மாதத்துக்குச் சுமார் 73. எனவே இரண்டு மாத வரவு முழுவதையும், இரும்புக்கும் கூலிக்கும்கூட எடுக்காமல், அப்படியே கொடுத்தது போலாயிற்று. இவ்வளவு கொடுத்துச் சமரசம் செய்வது அறிவுடைமையா என்று நீங்கள் கேட்கலாம். அறிவுடைமையே என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன்.

முதலாவது, அறியாத செலவு அறிந்த செலவாயிற்று. வாணிகம் செய்வோன் கூடுதற் செலவுக்கு அவ்வளவாக அஞ்ச மாட்டான். எவ்வளவு என்று தெரியாத செலவுக்கே அஞ்சுவான். யந்திரம் ஒன்றுக்கு இத்தனை டாலர் உரிமைத் தொகை என்று நிச்சயமாகிவிட்டால், இரும்பின் விலையையும் மரத்தின் விலையையும் போல அதையும் கணக்கில் சேர்த்து விற்பனை விலையை வைக்கலாம். நாளைக்கே நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்துப் பட்டறையைப் பூட்டிவிடுமோ என்ற நிலையில் எந்த விலையும் சரியான விலை ஆகாது.

இரண்டாவது, வாங்குவோரின் அச்சம் நீங்கிற்று. காப்புரிமை செய்வதை மட்டுமன்றிப் பயன்படுத்துவதையும் தடுக்கும் என்று முன்னே சொன்னேன். உரிமம் இல்லாத யந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிய அப்பாவியின்மீதும் வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தம்மிடம் உரிமம் பெறாதவர்களிடம் வாங்கும்போது எச்சரிக்கையாக இருங்கள் என்று ஹோ பத்திரிகைகளில் விளம்பரமே செய்தார். அதைப் படித்த சட்டை உற்பத்தியாளர், 'எதற்கு வம்பு?' என்று தம் கைப்பையை மூடிக்கொள்ள மாட்டாரா? பெரிய கம்பெனி தன் பெயரைக் காட்டி வாங்குவோரைத் தேற்றும். நேற்று முளைத்த சிறு கம்பெனிக்கு அந்தப் பெயர் ஏது?

மூன்றாவது, மனமும் பணமும் தொழிலுக்குத் திரும்பின. சிறு கம்பெனியில் கண்டுபிடிப்பவரும் மேற்பார்ப்பவரும் கடன் வாங்குபவரும் இரண்டொருவரே. அவர்கள் சாட்சி தேடி அலையும் நாளெல்லாம் பட்டறை தலைவனின்றிக் கிடக்கிறது. இது வழக்குத் தொடுத்தவருக்கும் பொருந்தும். ஹோவும் செல்வர் அல்லர். வழக்கு நடத்த வேறொருவரிடம் பணம் பெற வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக அவருடைய தந்தை தம் பண்ணை நிலத்தை அடமானம் வைத்தார். வென்றிருந்தாலும், இன்னும் சில ஆண்டுகள் இழுத்திருந்தால் ஹோவின் கதை வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும்.

இத்துடன் எல்லாம் சுகமாயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். 1854-இல் சமரசம் ஆயிற்று. 1855-இல் சிங்கர் கம்பெனி விற்றது 883 யந்திரங்கள். முந்திய ஆண்டைவிட நான்கே கூடுதல்! ஏன்? ஒரு பூட்டுத்தான் திறந்தது. மற்றப் பூட்டுகள் அப்படியே இருந்தன. வீலர் அண்டு வில்சன் கம்பெனியிடம் துணியைத் தானாகவே முன்னுக்குத் தள்ளும் சிறந்த அமைப்பு இருந்தது. குரோவர் அண்டு பேக்கர் கம்பெனியிடம் இருநூல் சங்கிலித் தையல் இருந்தது. பேச்செல்டர் என்பவரின் 1849-ஆம் ஆண்டுக் காப்புரிமையைச் சிங்கர் கம்பெனி விலைக்கு வாங்கி வைத்திருந்தது. ஹோவுக்கு உரிமைத் தொகை செலுத்திய கம்பெனிகளே ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்து நின்றன. நல்ல தையல் யந்திரம் ஒன்றைச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்ய வேண்டுமானால் நால்வரின் அனுமதியும் வேண்டும். நால்வரோ நாலு திசையில் நின்றார்கள். பத்திரிகைகள் இதனைத் தையல் யந்திரப் போர் என்றே வருணித்தன.

1856-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில், வழக்கு விசாரணைக்காக எல்லாத் தரப்பாரும் கூடினார்கள். குரோவர் அண்டு பேக்கர் கம்பெனியின் தலைவரும் வக்கீலுமான ஆர்லாண்டோ பாட்டர் ஒரு யோசனை சொன்னார்: 'நாம் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதை விட்டு, நம் உரிமைகளையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டுவிடுவோம்' என்பது அதன் சாரம். ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கத் தொழில் வரலாற்றில் காப்புரிமைகளைப் பொதுவில் வைத்த முதல் பெரிய கூட்டு இதுவே. யந்திரம் ஒன்றுக்கு 15 டாலர் கூட்டுக்குச் செலுத்த வேண்டும் என்று வகுத்தார்கள். அதில் உள்நாட்டில் விற்ற ஒவ்வொன்றுக்கும் ஹோவுக்கு 5 டாலர், ஒரு பகுதி உரிமை மீறுவோர்மீது வழக்கு நடத்தும் நிதிக்கு, எஞ்சியது கூட்டாளிகளுக்கு. குறைந்தது 24 உற்பத்தியாளருக்காவது உரிமம் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் ஹோ இணங்கினார். உரிமம் பெற்றவர் மிகுந்தால் தம் வரவு மிகும் என்று அவர் எண்ணியிருக்கலாம். எனினும் அந்த நிபந்தனை சிறு உற்பத்தியாளர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது.

பயன் என்ன? எண்களே பேசட்டும். சிங்கர் கம்பெனி 1856-இல் 2,564 யந்திரங்களும், 1857-இல் 3,630-ம், 1859-இல் 10,953-ம், 1860-இல் 13,000-ம் விற்றது. வீலர் அண்டு வில்சன் கம்பெனி 1853-இல் 799 விற்றது. 1859-இல் 21,306 விற்றது. ஹோ முன்பு யந்திரம் ஒன்றுக்கு 25 டாலர்வரை உரிமைத் தொகை வாங்கி வந்தவர். ஐந்து டாலராகக் குறைத்துக்கொண்ட பின் அவர் ஏழையாகவில்லை; இலட்சாதிபதியானார். 1867-இல் அவர் மறைவதற்குள் காப்புரிமை அவருக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. பெரிய விகிதத்தில் சிறிய விற்பனையைவிடச் சிறிய விகிதத்தில் பெரிய விற்பனை மேல் என்பது இதன் பொருள்.

இந்த வளர்ச்சி முழுவதையும் சமரசத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 1856-ஆம் ஆண்டின் பெரும்பகுதி கழிந்த பின்னரே ஆல்பனி உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டில் எட்வர்ட் கிளார்க் தவணை முறையைப் புகுத்தினார்: சிறிது முன்பணம் செலுத்தி யந்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், மீதியை மாதந்தோறும் கட்டலாம். சாமானியக் குடும்பம் யந்திரம் வாங்க முடிந்தது அதனாலேதான். 1857-இல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி ஏற்பட்டபோது, சமரசம் இருந்தும் மறு ஆண்டு சிங்கரின் விற்பனை 3,594 ஆகச் சற்றுக் குறைந்ததையும் மறக்கலாகாது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: நாளைக்குத் தன் யந்திரம் தடை செய்யப்படுமோ என்று அஞ்சும் கம்பெனி, ஓராண்டுத் தவணைக்குப் பொருளைக் கடன் கொடுக்கத் துணியுமா? வழக்கில் சிக்கிய யந்திரத்துக்கு வாங்கியவர்தாம் ஒழுங்காகத் தவணை கட்டுவாரா? சமரசம் நிலத்தைச் சமன் செய்தது. தவணை முறை அதில் விதைத்தது. உழாத நிலத்தில் விதைத்துப் பயனில்லை. உழுதுவிட்டு விதைக்காமல் இருந்தாலும் பயனில்லை.

இவ்வாறு வளர்ந்த யந்திரம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. யந்திர மோகத்தைக் கண்டித்து வந்த மகாத்மா காந்தி, 1924-இல் அதுபற்றிக் கேட்கப்பட்டபோது, சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார்.

இதுவரை சமரசம் செய்துகொண்டவர்களின் இலாபத்தைப் பார்த்தோம். அந்த இலாபத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். யந்திரம் ஒன்றுக்கு 15 டாலர் என்றால், அதை இறுதியில் கொடுத்தவர் அதை வாங்கிய தையற்பெண்ணே. 1860-இல் அத்தொகை 7 டாலராகக் குறைக்கப்பட்டது. ஹோவின் பங்கு ஒரு டாலராயிற்று. ஆனாலும் கூட்டு 1877-ஆம் ஆண்டுவரை நீடித்தது. பேச்செல்டர் காப்புரிமை அந்த ஆண்டு காலாவதியாகிக் கூட்டுக் கலைந்ததும் யந்திரங்களின் விலை வெகுவாக இறங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் புதிதாகத் தொழில் தொடங்க வந்தவர், பெரிய நால்வரிடம் கைகட்டி நின்று உரிமம் பெற வேண்டியிருந்தது. நேற்றுவரை ஏழையாய் நின்று நீதி கேட்டவர்களே இன்று வாயில்காப்போர் ஆகிவிட்டார்கள். ஆகவே போட்டியாளர்கள் கூடிச் செய்யும் சமரசத்தைப் பொதுமக்களின் சார்பில் சட்டம் கண்காணிப்பது அவசியமாகிறது. மருந்துக் காப்புரிமை வழக்குகளில், போட்டிக் கம்பெனி சந்தைக்கு வராமலிருக்கப் பணம் கொடுத்து முடிக்கும் சமரசங்களைப் போட்டிச் சட்டத்தின் கீழ் ஆராயலாம் என்று 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இக்காரணம் பற்றியே.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை கணிப்பொறி யுகத்துக்குப் பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணலாம். பொருந்தும், ஆனால் அதில் வேறொரு பாடமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறு கம்பெனி இருந்தது. கணிப்பொறி வட்டில் உள்ள செய்திகளைச் சுருக்கி, ஒரு வட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிரப்பும் மென்பொருளை அது விற்று வந்தது. 1993-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இயக்க மென்பொருளோடு அத்தகைய வசதி ஒன்றைச் சேர்த்தே கொடுக்கத் தொடங்கிற்று. ஸ்டாக் வழக்குத் தொடுத்தது. 1994 பிப்ரவரியில் நடுவர் குழு ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தது. தொழில் இரகசியம் பற்றிய எதிர்வழக்கில் மைக்ரோசாஃப்டுக்கு 1.36 கோடி டாலர் கொடுக்கச் சொல்லிற்று. மேல்முறையீடு என்று இழுக்காமல், அவ்வாண்டு ஜூனில் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் 4.3 கோடி டாலர் உரிமைத் தொகை தருவதாகவும், 3.99 கோடி டாலருக்கு ஸ்டாக்கின் பங்குகளை வாங்குவதாகவும் ஏற்பாடு.

கேட்பதற்கு மாபெரும் வெற்றி. ஆனால் இயக்க மென்பொருளோடு இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத் தனியாக விலை கொடுத்து வாங்குவார் யார்? வட்டுகளின் விலையும் விரைந்து குறைந்து வந்தது. ஸ்டாக் வேறு பொருள்களுக்கு மாறியது; பெயரையும் மாற்றிக்கொண்டது; 2002-ஆம் ஆண்டோடு அதன் தொழில் முடிவுக்கு வந்தது. சமரசம் அதற்கு இழந்த பணத்தை மீட்டுத் தந்தது. இழந்த சந்தையை மீட்டுத் தரவில்லை. சிங்கருக்குச் சமரசம் செய்த அன்று சந்தை அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. ஸ்டாக்குக்கோ பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரே மருந்து, ஒருவருக்கு வளர்ச்சி தந்தது. மற்றவருக்கு வலி மட்டும் தீர்த்தது.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் நான் திரட்டிக் கூற விரும்புவது இது. காப்புரிமைச் சமரசத்தை அதில் கைமாறும் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. அதன்பின் அந்தச் சிறு கம்பெனி அச்சமின்றிப் பொருள் செய்து, விலை வைத்து, கடன் கொடுத்து விற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வழியை மறிக்கும் பூட்டுகள் எல்லாம் திறந்தனவா, ஒன்று மட்டும் திறந்ததா என்று பார்க்க வேண்டும். விற்பதற்குச் சந்தை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, அந்தச் சமரசத்தின் செலவு வாங்குவோர் தலையிலும், நாளை தொழில் தொடங்க வரும் இளைஞர் தலையிலும் எவ்வளவு விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை பட்டறையிலோ ஆய்வுக்கூடத்திலோ புதியதொன்றைக் காண்பீர்கள். சிலர் சிறு தொழில் தொடங்குவீர்கள். சிலர் வக்கீலாகி இத்தகைய வழக்குகளை நடத்துவீர்கள். புதியதைக் கண்டவர் ஹண்டைப் போல் உறங்கிவிடாமல் உரிய காலத்தில் உரிமையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொழில் தொடங்குவோர், முதல் யந்திரத்தை வார்ப்பதற்கு முன்பே, பிறர் உரிமை அதில் எங்கெங்கு படுகிறது என்று தேடிப் பார்த்துவிட வேண்டும். அப்படியும் வழக்கு வந்து நின்றால், 'யார் வெல்வார்?' என்று கேட்பதோடு நிற்காமல், 'வழக்கு முடிந்த மறுநாள் காலை பட்டறையில் என்ன வேலை நடக்கும்?' என்றும் கேட்டுப் பாருங்கள். சமரசத்துக்கு எப்போது இணங்குவது, எவ்வளவுக்கு இணங்குவது என்பது அந்தக் கேள்விக்கு விடை கண்ட பின்னரே தெளிவாகும்.